பிரான்ஸில் பழைய வீட்டைத் திருத்த அரசுப் பணம்: எங்கள் வீட்டுக் கணக்கு

பிரான்ஸில் வீடு வாங்கிய நம்மவர்களில் பலர் பரிஸைச் சுற்றியுள்ள 93, 94, 95 மாவட்டங்களில்தான் வாங்கியிருக்கிறோம். கட்டுப்படியாகும் விலையில் அங்கே கிடைக்கும் தனி வீடு பெரும்பாலும் 1975க்கு முன்னர் கட்டியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1974இல்தான் கட்டடங்களுக்கான முதல் வெப்ப ஒழுங்குவிதி இந்த நாட்டில் வந்தது. அதற்கு முந்திய வீடுகளின் சுவரில் வெப்பத்தைத் தடுக்க ஒன்றுமே வைக்கவில்லை. கல், அல்லது சீமெந்துக் கல், அதற்கு மேல் பூச்சு, அவ்வளவுதான். எங்கள் வீடும் அப்படித்தான், ஐம்பதுகளில் கட்டியது.

இப்படிப்பட்ட வீட்டைத் திருத்துவதற்கு அரசு தரும் தொகை சின்னதல்ல. எங்கள் வேலைகளின் செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசே தந்தது. ஆனால் எது முதலில், எது பிறகு என்ற வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டை முதலில் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையைச் செய்பவர் எதையும் விற்பவராக இருக்கக் கூடாது. கையெழுத்து கடைசியில்தான். தெரிந்த பல குடும்பங்களில் இது தலைகீழாக நடந்ததைப் பார்த்ததால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நானும் கணவரும், இரண்டு பிள்ளைகள், மாமி. மாமிக்கு நெஞ்சுச் சளி, இழுப்பு. வடக்குப் பக்கத்து அறை அவருடையது. அந்த அறையின் வெளிச்சுவரில்தான் சாமிப் படங்களை வைத்திருந்தார். மாரி தொடங்கினால் படங்களின் பின்பக்க மட்டை ஊதி, கண்ணாடிக்குள் நீர் கோடு போட்டு இறங்கும். அலுமாரியை இழுத்துப் பார்த்தால் பின்னால் கறுப்புப் பூஞ்சணம். "பிள்ளை, இந்தச் சுவருக்கு வேர்க்குது" என்பார் மாமி. ஜாவல் எனும் பிளீச் போட்டுத் துடைத்து, பூஞ்சணத்துக்கென்று விற்கும் பெயின்ட் அடித்தோம். அடுத்த தைப்பொங்கலுக்குள் திரும்ப வந்துவிட்டது.

எங்களுக்கு முன் இருந்தவர்கள் யன்னல்களை மட்டும் இரட்டைக் கண்ணாடிக்கு மாற்றியிருந்தார்கள். நல்ல வேலைதான் என்று நினைத்திருந்தோம். பழைய மர யன்னலின் இடுக்குகளால் முன்பு ஈரம் வெளியே போய்க்கொண்டிருந்தது என்பதும், யன்னல் இறுக்கமானதும் அந்த வழி அடைபட்டுவிட்டது என்பதும் பிறகுதான் விளங்கியது. ஐந்து பேரின் மூச்சு, சோறு கொதிக்கும் ஆவி, உள்ளே காயப் போடும் உடுப்பு எல்லாம் சேர்ந்து, வீட்டில் எது ஆகக் குளிர்ந்த சுவரோ அதில்தான் போய்ப் படியும். யன்னலை மட்டும் மாற்றி, காற்றோட்டத்துக்கு வழி செய்யாமல் விட்ட எந்த வீட்டிலும் இதே கதையைப் பார்க்கலாம்.

வீட்டு மணியை அடிப்பவர்களைப் பற்றி இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் கழுத்தில் அட்டை தொங்க, கையில் டாப்லெட்டோடு வருவார்கள். "அரசு அனுப்பியது, உங்கள் தெரு தெரிவாகியிருக்கிறது, இன்றே பதிய வேண்டும்" என்பார்கள். ஒரு காலத்தில் "1 யூரோவுக்கு இன்சுலேஷன்" என்ற கூப்பாடு நாடெங்கும் இருந்தது. இன்சுலேஷன் என்றால் சுவரிலும் கூரையிலும் வெப்பத் தடுப்புப் போடுவது. அந்த ஏற்பாடு 2021 ஜூன் முடிவோடு நின்றுவிட்டது. வீட்டுத் திருத்த வேலைகளுக்கு ஆள் பிடிக்கத் தொலைபேசியில் அழைப்பதை 2020 ஜூலையில் வந்த சட்டம் தடை செய்தது. 2025 ஜூன் 30ஆம் திகதிச் சட்டம் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், சமூக ஊடகம் ஆகியவற்றுக்கும் அந்தத் தடையை நீட்டியது. அரசின் பக்கத்திலிருந்து யாரும் வீடு தேடி வந்து எதையும் விற்பதில்லை. இதை உங்கள் வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்குச் சொல்லி வையுங்கள். பகலில் கதவைத் திறப்பவர்கள் அவர்கள்தான்.

எங்களுக்குத் தெரிந்த ஓர் அண்ணா இப்படி வந்தவரின் டாப்லெட்டில் விரலால் கையெழுத்து வைத்தார். உதவிப் பணத்துக்கான விண்ணப்பம் என்று சொல்லித்தான் வாங்கினார்கள். அதற்குள் வெப்பப் பம்புக்கான ஒப்பந்தமும் அதோடு இணைந்த வங்கிக் கடனும் இருந்தன. வெப்பப் பம்பு, இங்கே பொம்ப் ஆ ஷலேர் என்பார்கள், வெளிக் காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் இயந்திரம். நல்ல பொருள். ஆனால் சுவரிலும் கூரையிலும் ஒன்றும் செய்யாத வீட்டில், வீட்டின் இழப்பை ஈடுகட்டப் பெரிய இயந்திரம் வேண்டும். அது இரவு பகலாக ஓடும். ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டு ஊற்றுவதுபோல. மின்சார பில்லைப் பார்த்து அண்ணாவும் அண்ணியும் பட்ட கவலை பெரிது. வீட்டில் வைத்துக் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள், காரணம் சொல்லாமலே, பதிவுத் தபாலில் ரத்துச் செய்யலாம் என்பது அவர்களுக்கு அப்போது தெரியாது. உங்கள் வீட்டில் யாராவது இன்றைக்குக் கையெழுத்து வைத்திருந்தால் இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு அந்தத் தாளைத் தேடி எடுங்கள்.

நாங்கள் போன இடம் பிரான்ஸ் ரெனோவ். 2022 ஜனவரியிலிருந்து இந்தப் பெயரில் இயங்கும் அரசுச் சேவை. 0 808 800 700 என்ற எண்ணுக்கு அழைத்தால் உங்கள் பகுதிக்குரிய ஆலோசகரிடம் நேரம் எடுத்துத் தருவார்கள். ஆலோசனை இலவசம். பிரெஞ்சு தடுமாறும் என்றால் பிள்ளையையோ தெரிந்த ஒருவரையோ கூட்டிப் போங்கள், தடையில்லை. எடுத்துப் போக வேண்டியவை மூன்று: வீட்டில் இருக்கும் எல்லோருடைய வருமான வரி அறிவித்தல்கள், வீட்டுப் பத்திரம், கடந்த ஆண்டுகளின் மின்சார, காஸ் பில்கள். ஒரு விளம்பரத் தாளையும் கொண்டு போக வேண்டாம்.

அங்கே இருந்த ஆலோசகர் எங்களிடம் முதலில் கேட்டது காசைப் பற்றி அல்ல. எந்த அறை குளிர், எந்தச் சுவர் ஈரம், எங்கே உடுப்புக் காயப் போடுவீர்கள், நிலக்கீழ் அறை இருக்கிறதா என்று கேட்டார். பிறகுதான் வரி அறிவித்தலைத் திருப்பி, முதல் பக்கத்தில் இருக்கும் வரிக் குறிப்பு வருமானத்தைப் பார்த்தார்.

அந்த ஓர் எண்ணில்தான் எல்லாம் தொங்குகிறது. மா ப்ரீம் ரெனோவ் என்ற உதவி 2020 ஜனவரியில் தொடங்கியது. அதற்கு முந்திய வரிச் சலுகைக்குப் பதிலாக வந்தது. அனா என்ற தேசிய வீட்டு முகவரகம் அதை நடத்துகிறது. குடும்பங்களை நான்காகப் பிரிக்கிறார்கள்: நீலம் மிகக் குறைந்த வருமானம், மஞ்சள் குறைந்த வருமானம், ஊதா நடுத்தரம், ரோசா அதற்கு மேல். பரிஸும் அதைச் சுற்றிய மாவட்டங்களும் சேர்ந்த இல்-து-பிரான்ஸில் எல்லைகள் மற்றப் பகுதிகளைவிட உயரம். 2025இல் நான்கு பேர் குடும்பத்துக்கு 48,914 யூரோ வரை நீலம், 59,549 வரை மஞ்சள். மாமி தனியாக வரி அறிவித்தல் எடுப்பவர். அவர் எங்களோடு அதே வீட்டில் இருப்பதால் அவருடைய வருமானத்தையும் கூட்டினார்கள், ஆளாகவும் எண்ணினார்கள். அவருக்கு வரும் தொகை சிறிது, ஆள் கூடியதால் எல்லை உயர்ந்தது, நாங்கள் மஞ்சளுக்குள் வந்தோம். பெற்றோரோடு வாழும் நம் குடும்பங்கள் பல இதைக் கவனிப்பதில்லை. உண்மையில் உங்களோடு வாழும் எல்லோரையும் எழுதுங்கள். வாழாதவரை எழுத வேண்டாம்.

வேறு நிபந்தனைகளும் உண்டு. வீடு கட்டி 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், நீங்கள் நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும், வேலையைச் செய்யும் நிறுவனத்திடம் ஆர்.ஜி.ஈ. எனும், ஆற்றல் வேலைகளுக்கான அரசு அங்கீகாரம் பெற்ற தகுதிச் சான்று இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விண்ணப்பம் போய்ச் சேருமுன் வேலை தொடங்கக் கூடாது. "கெதியாக முடித்துவிட்டுப் பிறகு பில்லைக் கொடுத்துக் காசு எடுக்கலாம்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். முடித்த வேலைக்கு அனா காசு தராது. தீர்மானக் கடிதம் கைக்கு வரும் வரை பொறுத்திருப்பதே பாதுகாப்பு, நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

உதவி இரண்டு வழிகளில் உண்டு. ஒன்று ஒற்றை வேலைக்கு, உதாரணமாக வெப்பப் பம்புக்கு மட்டும். மற்றது முழு வீட்டுத் திருத்தம். 2024இலிருந்து முழு வீட்டு வழிக்கு மோன் அக்கோம்பன்யத்தேர் ரெனோவ் எனும், அனாவின் அங்கீகாரம் பெற்ற துணையாளர் கட்டாயம். அவருக்கான கட்டணத்தில் 2,000 யூரோ வரை கணக்கில் எடுத்து, மஞ்சள் பிரிவுக்கு 80 வீதத்தை அரசே கொடுத்தது, நீலத்துக்கு முழுவதும். பலர் இந்த ஆளை வீண் செலவு என்று நினைக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் மொத்தப் பணத்தில் ஆகப் பயனுள்ள பணம் அதுதான்.

ஆற்றல் சோதனைக்கு வந்தவர் காலை முழுவதும் வீட்டில் இருந்தார். வெப்பக் கமராவை மாமியின் அறைச் சுவரில் பிடித்தபோது, சாமிப் படங்கள் இருந்த இடம் முழுக்கக் கருநீலமாகத் தெரிந்தது. கூரையும் சுவரும் சந்திக்கும் மூலைகளில் இன்னும் கரிய கோடு. பரணில் ஏறினார். அங்கே கிடந்தது எழுபதுகளில் போட்ட பஞ்சு, எலி ஓடி நசிந்து கையளவு கனத்துக்கு வந்திருந்தது. இன்சுலேஷன் இல்லாத பழைய வீடுகளில் வெப்பம் எங்கே போகிறது என்பதற்கு பிரான்ஸின் ஆற்றல் முகவரகமான அதெம் தரும் பொதுக் கணக்கு இப்படி: கூரையால் 25 முதல் 30 வீதம், சுவரால் 20 முதல் 25, காற்றுக் கசிவாலும் காற்று மாற்றத்தாலும் அதே அளவு, யன்னலால் 10 முதல் 15, தரையால் 7 முதல் 10. எல்லோரும் முதலில் மாற்றுவது யன்னலை. பட்டியலில் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

அறிக்கையில் எங்கள் வீடு டி.பி.ஈ. எழுத்தில், அதாவது வீட்டின் ஆற்றல் தரத்தைச் சொல்லும் எழுத்தில், எஃப். ஏயிலிருந்து ஜி வரை போகும் அளவில் கடைசிக்கு முதல் படி. திருத்தத்துக்கு இரண்டு திட்டம் எழுதித் தந்தார்கள், ஒன்று கட்டம் கட்டமாக, மற்றது ஒரே தடவையில். நாங்கள் ஒரே தடவையை எடுத்தோம், சி படிக்கு ஏறும் திட்டம். விற்க வந்தவர்கள் எங்கள் வீட்டுக்கு 14 கிலோவாட் பம்பு வேண்டும் என்றார்கள். சுவரையும் கூரையையும் மூடிய பிறகு 8 கிலோவாட் போதும் என்று சோதனைக் கணக்கு காட்டியது. பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களைக் கழற்றி எறியவும் தேவையில்லை என்றார் சோதனைக்கு வந்தவர். அகலமாக இருப்பதால் மிதமான சூட்டு நீரிலேயே அறையைச் சூடாக்கும், வெப்பப் பம்புக்கு அதுதான் பொருத்தமாம். முழு வீட்டு உதவிக்கு 2024 விதியே சொன்னது: சுவர், கூரை, தரை, யன்னல் ஆகியவற்றில் குறைந்தது இரண்டுக்கு இன்சுலேஷன் செய்ய வேண்டும், குறைந்தது இரண்டு படி ஏற வேண்டும். இயந்திரம் மட்டும் வாங்கி இந்த உதவியைப் பெற வழியில்லை. அரசு இந்த நிபந்தனையை வைத்தது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன்.

டெவியில், அதாவது வேலைக்கான விலை மதிப்பீட்டில், பார்க்க வேண்டிய ஓர் எழுத்து ஆர். பொருள் வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு அது. கூடக் கூட நல்லது. ஆள் குடியில்லாத பரணுக்குக் குறைந்தது 7, சுவருக்கு 3.7, தரைக்கு 3 இருந்தால்தான் உதவி. அதை நீங்களே கணக்குப் பார்க்கலாம்: மீட்டரில் கனத்தை, பொருளின் பொதியில் அச்சடித்திருக்கும் லாம்டா எண்ணால் வகுத்தால் ஆர் வரும். கல் பஞ்சுக்கு லாம்டா 0.036 என்றால், 14 சென்டிமீட்டர் கனத்துக்கு 0.14ஐ 0.036ஆல் வகுக்க 3.89. சரி. ஒரு நிறுவனத்தின் டெவியில் கனம் 10 சென்டிமீட்டர் என்று எழுதி, ஆர் 3.7 என்றும் போட்டிருந்தது. அந்தப் பொருளின் லாம்டாவை வைத்துக் கணவர் அடுப்படி மேசையிலேயே வகுத்துப் பார்த்தார், மூன்றுகூட வரவில்லை. அந்த டெவியை ஒதுக்கினோம். பொருளின் பெயர், கனம், ஆர், சதுர மீட்டர், நிறுவனத்தின் ஆர்.ஜி.ஈ. எண், வீட்டுக்கு வந்து பார்த்த திகதி, 5.5 வீத வற் வரி எல்லாம் டெவியில் இருக்க வேண்டும். ஆர்.ஜி.ஈ. சான்று வேலைக்கு வேலை தனித்தனி. யன்னலுக்கு வைத்திருப்பவர் சுவர் வேலைக்குச் செல்லுபடியாகமாட்டார். பிரான்ஸ் ரெனோவ் இணையத்தளத்தில் பெயரைத் தட்டிக் கையெழுத்து வைக்கும் நாளில் பாருங்கள். பத்தாண்டுக் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.

இனி எங்கள் கணக்கு. வேலைகள் எல்லாம் வற் சேராமல் 52,000 யூரோ: வெளிச்சுவர் 21,000, வெப்பப் பம்பும் சுடுநீர்த் தாங்கியும் 15,500, யன்னல்கள் 7,500, மிச்சம் பரண், நிலக்கீழ் அறையின் கூரை, காற்றோட்டம், வாசற்கதவு. வற் 5.5 வீதம் சேர்த்து 54,860. 2024 விதிப்படி மூன்று படி ஏறினால் 55,000 யூரோ வரையான வேலையைக் கணக்கில் எடுப்பார்கள். மஞ்சள் பிரிவுக்கு 60 வீதம், எஃப் அல்லது ஜியிலிருந்து டிக்கோ அதற்கு மேலோ ஏறினால் இன்னும் 10 வீதம். ஆக 52,000இல் 70 வீதம், 36,400 யூரோ. எங்கள் பங்கு 18,460.

அந்தப் பங்குக்கு எகோ பி.டி.இசட். எடுத்தோம். 2009இலிருந்து இருக்கும் வட்டியில்லாக் கடன். வேலையைப் பொறுத்து 7,000இலிருந்து 50,000 யூரோ வரை, முழு வீட்டுத் திருத்தத்துக்கு 20 ஆண்டு வரை தவணை. வங்கியில் இருப்பவர்களுக்கே சிலவேளை இது சரியாகத் தெரியாது. நாங்கள் முதலில் கேட்ட வங்கி சாதாரண நுகர்வுக் கடனைத்தான் முன்னே தள்ளியது, வட்டியோடு. விட்டுக்கொடுக்காமல் வேறு வங்கியில் கேட்டோம். 18,000 யூரோவை 15 ஆண்டுக்குப் போட்டு மாதம் 100 யூரோ கட்டுகிறோம். மின்சார, காஸ் நிறுவனங்கள் வழியாகக் கிடைக்கும் சி.ஈ.ஈ. உதவியை முழு வீட்டு வழியில் தனியாக எடுக்க முடியாது, அனா அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. ஒற்றை வேலைக்குப் போகிறவர்கள் மறக்காமல் அதைக் கேளுங்கள், ஆனால் டெவியில் கையெழுத்து வைப்பதற்கு முன்.

எங்கள் 70 வீதத்தை வைத்து இப்போது யாரும் கணக்குப் போட வேண்டாம். விண்ணப்பம் போட்ட நாளில் இருக்கும் விதிதான் செல்லும், விதி அடிக்கடி மாறுகிறது. 2025 ஜூன் 23இலிருந்து முழு வீட்டு வழியை நிறுத்தி வைத்தார்கள். செப்டெம்பர் 30இல் திறந்தபோது ஈ, எஃப், ஜி வீடுகளுக்கு மட்டும், முதலில் நீலப் பிரிவுக்கு மட்டும் என்று திறந்தார்கள். கணக்கில் எடுக்கும் வேலையின் அளவு இரண்டு படிக்கு 30,000, மூன்று படிக்கும் அதற்கு மேற்பட்டதற்கும் 40,000 என்று குறைந்தது. அந்த மேலதிக 10 வீதமும் போய்விட்டது. ஆலோசகரிடம் நேரம் எடுப்பதைத் தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

ஆவணங்களில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, பெயர். தகப்பன் பெயர் முன்னும் பின்னும் மாறும். அகதிகள் அலுவலகமான ஒஃப்ப்ரா தந்த பிறப்புச் சான்றில் ஓர் எழுத்துக்கூட்டல், வரி அறிவித்தலில் இன்னொன்று, வீட்டுப் பத்திரத்தில் நொத்தாரிசு எழுதியது மூன்றாவது. என் கணவரின் பெயரில் ஒரு எச் எழுத்து ஒரு தாளில் இருந்தது, மற்றதில் இல்லை. இரண்டு பெயரும் ஒருவருடையவை என்று காட்டும் விளக்கக் கடிதத்தை நொத்தாரிசிடம் எடுத்துக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. டெவி, வங்கிக் கணக்கு, இணையக் கணக்கு எல்லாவற்றையும் வரி அறிவித்தலில் உள்ள பெயரிலேயே, அதே வரிசையில், எழுத்துக்கு எழுத்துத் திறவுங்கள். அனா இணையக் கணக்கை நிறுவனக்காரரின் மின்னஞ்சலில் திறக்க விடவே வேண்டாம். கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும்.

சுவரை வெளியிலிருந்து மூட நகரசபையில் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். சாதாரணமாக ஒரு மாதத்தில் பதில் வரும், பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுக்கு அருகில் என்றால் இரண்டு மாதம். வெப்பப் பம்பின் வெளிப் பெட்டியையும் அதே தாளில் எழுதினோம். எங்கள் மேற்குச் சுவர் பக்கத்து வீட்டு எல்லையில் நிற்கிறது. 2021 காலநிலைச் சட்டம், பக்கத்துக் காணிக்கு மேலாக 35 சென்டிமீட்டர் வரை இன்சுலேஷன் நீட்ட உரிமை தருகிறது. ஆனால் நிலத்திலிருந்து 2 மீட்டருக்கு மேலேதான், அதுவும் இழப்பீடும் பத்திரப் பதிவும் செய்து. பக்கத்து வீட்டு அம்மா தனியாக இருப்பவர், வயதானவர். மாமி வடையோடு போனார், நான் வரைபடத்தோடு போனேன். அவர் மறுக்கவில்லை, ஆனால் கட்டட மேடையைத் தன் ரோசாப் பாத்தியில் நிறுத்துவதை நினைத்துக் கவலைப்பட்டார். அந்த ஒரு சுவரை மட்டும் உள்ளிருந்து மூடினோம். பிள்ளைகளின் அறையில் ஒரு சாண் இடம் குறைந்தது. அயலும் கெடவில்லை, நொத்தாரிசுச் செலவும் இல்லை.

காற்றோட்டத்தைக் கடைசியாக நினைக்கிறார்கள், அதுதான் தவறு. வீட்டை மூட மூட ஈரம் வெளியேற இயந்திர வழி வேண்டும். குசினி, குளியலறை, மலசலகூடம் மூன்றிலும் காற்றை இழுக்கும் வாய், படுக்கையறை யன்னல்களின் மேல் காற்று நுழையும் கீற்று, இரண்டுக்கும் நடுவே கதவுகளின் அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. வேலை முடிந்த அன்று துணையாளர் ஒரு கழிவறைக் கடதாசித் துண்டைக் கிழித்துக் குளியலறை வாயில் வைத்தார். அது ஒட்டிக்கொண்டு நின்றது. குசினியில் வைத்தார், விழுந்தது. குழாய் பரணுக்குள் மடிந்து கிடந்திருக்கிறது. நிறுவனம் வந்து நிமிர்த்தும் வரை வேலை முடிவுத் தாளில் நாங்கள் கையெழுத்து வைக்கவில்லை. இந்தச் சோதனையை யாரும் செய்யலாம், காசு தேவையில்லை. இன்னொன்று: குளிர் வருகிறது என்று யன்னல் கீற்றில் டேப் ஒட்டும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய. தயவுசெய்து உரித்துவிடுங்கள்.

காசு கைக்கு வரும் நேரம்தான் நடுத்தரக் குடும்பத்தை நெருக்கும் இடம். அனா பெரும்பாலும் இறுதிப் பில்லுக்குப் பிறகே தரும். நிறுவனங்களோ தொடக்கத்திலேயே முற்பணம் கேட்கும். நீலப் பிரிவினருக்கு ஒரு பகுதியை முன்பணமாகப் பெறும் வழி உண்டு. குறைந்த வருமான வீட்டுக்காரருக்கு, அனா தரவிருக்கும் தொகையை வட்டியில்லாமல் முன்கூட்டிக் கொடுக்கும் வேலையை ப்ரோசிவிஸ் என்ற வீட்டு நிறுவனம் சில பகுதிகளில் செய்கிறது, துணையாளரிடம் கேளுங்கள். எங்கள் சுவர் வேலை நிறுவனம், உதவிப் பங்கு வந்த பிறகு மிச்சத்தை எடுப்பதாக எழுத்தில் ஒத்துக்கொண்டது. மற்றதற்குச் சீட்டை முன்கூட்டியே எடுத்தோம், தம்பியும் கொஞ்சம் தந்து உதவினான். யார் எப்போது எவ்வளவு என்பதை டெவியில் கையெழுத்து வைக்கும் முன்னரே ஒரு தாளில் மாதவாரியாக எழுதிப் பாருங்கள். உதவிப் பணம் ஆறு மாதம் பிந்தி வந்தாலும் குடும்பம் தாங்குமா என்று அந்தத் தாள் சொல்லும்.

வேலைக்குப் பிறகு வந்த முதல் மாரியில் மாமியின் அறை 19 பாகையில் நின்றது. முன்பு 15, 16ஐத் தாண்டாது. முன்பு கடுங்குளிர் மாதத்தில் காஸுக்கு மட்டும் 300 யூரோ தாண்டிப் போனது. இப்போது சூடாக்கலும் சுடுநீரும் சேர்ந்த மின்சாரம் 120 அளவில் நிற்கிறது. மாதம் 100 கடனைச் சேர்த்தாலும் முந்தியதைவிடக் குறைவு. கோடையில் பில் குறைவு என்பதால் ஆண்டுக் கணக்கில் இலாபம் பெரிதல்ல, அதையும் சொல்ல வேண்டும். மாமியின் மருந்து நிற்கவில்லை, இரவு இருமல் குறைந்திருக்கிறது. எனக்கு அது போதும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2025 ஜனவரியிலிருந்து ஜி வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடவோ ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவோ முடியாது. 2028இல் எஃப், 2034இல் ஈ. எஃப், ஜி வீடுகளின் வாடகையை 2022 ஆகஸ்டிலிருந்து கூட்டவும் முடியாது. உங்கள் ஒப்பந்தத்தோடு இணைத்த டி.பி.ஈ. தாளில் என்ன எழுத்து என்று பார்த்திருக்கிறீர்களா? சுவர் கறுத்த வீட்டுக்கு ஆண்டுதோறும் வாடகை கூட்டிக் கொடுக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

மாடிக் குடியிருப்பில் சொந்த வீடு வைத்திருப்பவர்களின் நிலைமை வேறு. அங்கே சுவரும் கூரையும் எல்லோருக்கும் பொது, உரிமையாளர் கூட்டத்தில் வாக்கெடுத்துத்தான் தொடலாம். கட்டடம் 35 வீத ஆற்றலை மிச்சம் பிடித்தால் செலவில் 30 வீதமும், 50 வீதம் பிடித்தால் 45 வீதமும் மா ப்ரீம் ரெனோவ் தருகிறது, வீடு ஒன்றுக்கு 25,000 யூரோ வரையான வேலைக்கு. அதற்கு மேல் நீலக் குடும்பத்துக்கு 3,000, மஞ்சளுக்கு 1,500 தனியாக உண்டு. இந்தத் தனி உதவி கேட்டால்தான் வரும். நம்மவர்கள் இந்தக் கூட்டங்களுக்குப் போவதில்லை, யாரோ ஒருவருக்கு வாக்குப் பத்திரத்தைக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறோம். பிறகு ஆயிரக்கணக்கில் பங்குப் பில் வரும்போதுதான் திடுக்கிடுகிறோம். என் தங்கையின் கட்டடத்தில் வெளிச்சுவர் வேலை இம்முறை வாக்குக்கு வருகிறது. அவள் வேலையில் விடுப்பு எடுத்துத் தானே போகிறாள். அந்த 3,000, 1,500 பற்றிய பக்கத்தை அச்சடித்து, அதே படிக்கட்டில் இருக்கும் மற்றத் தமிழ்க் குடும்பங்களின் தபால் பெட்டிகளில் போட்டிருக்கிறாள். அவர்களில் இரண்டு பேர் வரி அறிவித்தலோடு அவளிடம் வந்து, தாங்கள் எந்த நிறம் என்று கேட்டிருக்கிறார்கள்.